மலையுச்சியும் மதச்சின்னமும்



பொதிகை மலை பௌத்தருக்கே உரியது என்னும் பேச்சு அண்மையில் நம் உபாசகர் சிலரிடையே எழுந்திருக்கிறது. அவர்கள் காட்டும் சான்றுகளை அற்பமென்று ஒதுக்குதல் தகாது. 11-ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்று கூறினார். 7-ஆம் நூற்றாண்டில் நம் தேசத்திற்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், தென்கோடியில் மலய மலைக்குக் கிழக்கே போதலகம் என்றொரு மலை உண்டென்றும், அது அவலோகிதேசுவரர் உறைவிடமென்றும் எழுதிவைத்தார். லாஸா நகரத்துப் போதல மாளிகை அம்மலையின் பெயரையே தாங்கி நிற்கிறது. அப்போதலகமே நம் பொதிகை என்பது ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசாகாவின் கருத்து. ஆராய்ச்சியளவில் இவையெல்லாம் நமக்குப் பெருமை தருவனவே.

ஆனால் பேச்சு ஆராய்ச்சியளவில் நிற்கவில்லை. வரும் வைசாகப் பௌர்ணமியில் மலையேறி, உச்சியில் பகவானுடைய திருவுருவம் ஒன்றையும் பஞ்சசீலக் கொடியையும் நாட்டிவர வேண்டும் என்று ஒரு தீர்மானம் நம் சபைமுன் வந்திருக்கிறது. கொணர்ந்தவர்களுடைய உள்ளத் தூய்மையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் 1868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்துக்கு மலையாள நாட்டுப் பக்கமாகச் செல்லும் வழி போனக்காட்டில் தொடங்குகிறது. அவ்வூரில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததை அறிந்துகொண்டு பிறகு தீர்மானத்தைப் பற்றிப் பேசுவோம்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சென்றால் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் போனக்காடு. வெள்ளையர் காலத்தில் காட்டை வெட்டித் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. கொழுந்து கிள்ளத் தமிழரைக் கொண்டுவந்து லயங்களில் குடியமர்த்தினர். அவ்வூரை ஒட்டிய காட்டுக் குன்றொன்றில் கத்தோலிக்கர் சிலுவைகளை நிறுவி, குருசுமலை என்று பெயரிட்டு யாத்திரை சென்று வந்தனர். 60 ஆண்டுகளாக நடந்துவரும் வழிபாடு இது என்பது நெய்யாற்றின்கரை மறைமாவட்டத்தாரின் கூற்று. பாதுகாக்கப்பட்ட வனநிலத்தில் அநுமதியின்றிச் செய்த ஆக்கிரமிப்பு என்பது வன இலாகாவின் கூற்று.

2017 ஆகஸ்டில் அச்சிலுவைகள் உடைந்து கிடந்தன. உடைத்தவர் யார் என்பதில் இரு தரப்பும் ஒன்றையொன்று சுட்டின. பின்னர் நாட்டப்பட்ட மரச்சிலுவை அவ்வாண்டு நவம்பர் இறுதியில் சிதறிப்போயிற்று. இடி விழுந்தது என்றனர் அதிகாரிகள். எவரோ தகர்த்தனர் என்றனர் யாத்திரிகர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. எதிர்ப்புறத்தில் இந்து அமைப்புகள் திரண்டன. 2018 ஜனவரி 5-ஆம் நாள், மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பெருந்திரளாகச் சென்ற விசுவாசிகளைப் போலீசார் விதுரைக்கு அருகே காணித்தடம் சோதனைச் சாவடியில் தடுத்தனர். கல்லெறியும் தடியடியும் நிகழ்ந்தன, பலர் காயமுற்றனர். மறுவாரம் முதல் தேவாலயங்களில் ஒரு பேச்சு, கட்சி மேடைகளில் ஒரு பேச்சு, பத்திரிகைகளில் வேறொரு பேச்சு.

மலையாள நாட்டுக்கு இது புதிதன்று. சபரிமலைக்கு அருகேயுள்ள நிலக்கல்லில் 1983 மார்ச் 24-ஆம் நாள் ஒரு சிலுவை கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தி பரவ, அம்மாநிலமே மாதக்கணக்கில் கொந்தளித்தது. வேறோரிடத்தில் தேவாலயம் கட்டுவதென்று இசைந்த பின்னரே அடங்கிற்று. 2017 ஏப்ரலில் மூணாறு அருகே பாப்பாத்திச்சோலையில் சர்க்கார் நிலத்தில் நின்ற பெருஞ்சிலுவையை வருவாய்த்துறையினர் அகற்றியபோது, அகற்றிய முறையை முதலமைச்சரே வெளிப்படையாகக் கண்டித்தார். அதிகாரி சட்டத்தைப் பார்த்தார். முதலமைச்சர் மக்கள் மனத்தைப் பார்த்தார் என்று நல்லெண்ணத்துடனும் கொள்ளலாம், தேர்தலைப் பார்த்தார் என்றும் கொள்ளலாம்.

இவற்றைக் கேட்டு, "கிறிஸ்தவரும் இந்துக்களும் இவ்வாறுதான்" என்று நம்முள் எவரேனும் நகைப்பாராயின் அவர் அவசரப்படுகிறார். நெய்யாற்றின்கரைப் பகுதிக் கத்தோலிக்கருட் பலர், நம்மைப்போலவே ஜாதிக் கொடுமையினின்று விலகி மதம் மாறியவர்களின் வழியினர். கோயில் வாயிலில் நிற்கவும் உரிமையற்றிருந்தவர்க்குத் தமக்கென ஒரு குன்று கிடைத்தால் அதன்மேல் எத்துணைப் பற்று உண்டாகும் என்பதை நாம் அறியமாட்டோமா? அப்பற்றில் குற்றமில்லை. பற்று உரிமையாகி, உரிமை வேலியாகி, வேலிக்கு இருபுறமும் கட்சிகள் வந்து நிற்பதிலேதான் குற்றம் தொடங்குகிறது.

மேலும், இவ்விஷயத்தில் பௌத்தர் கைகள் தூயவை அல்ல. இலங்கையில் 1959 செப்டம்பரில் பிரதமர் பண்டாரநாயகாவைச் சுட்டவர் சீவர ஆடை தரித்த ஒரு பிக்கு. 2014 ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம்கள் தாக்கப்படுவதற்குச் சற்று முன்னர், பிக்குகள் தலைமை தாங்கிய ஓர் அமைப்பு அங்கே கூட்டம் நடத்தியிருந்தது. முல்லைத்தீவின் குருந்தூர் மலையை நினையுங்கள். அங்கே பழைய பௌத்தச் சிதைவுகள் உள்ளன. தமிழ்ச் சைவர் வழிபட்டு வந்த இடமும் அதுவே. புதிய கட்டுமானம் கூடாதென்று நீதிமன்றம் ஆணையிட்டும் கட்டுமானம் நிற்கவில்லை என்று வழக்கு நடந்தது. அதனை விசாரித்த நீதிபதி 2023 செப்டம்பரில், தம் உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளதென்று கூறிப் பதவியைத் துறந்து நாட்டைவிட்டே சென்றார். அடக்குமுறைக்கு ஆளானவர் தமிழர். சின்னம் நம் பகவானுடையது. தமிழ்ப் பௌத்தராகிய நாம் எந்தப் பக்கத்தில் நிற்பது? அங்கே அநீதி என்று நாம் சொல்வதைப் பொதிகையில் புண்ணியம் என்று சொல்ல இயலுமா?

இனிப் பாடத்திற்கு வருவோம். விநயபிடகத்து மகாவக்கத்தில் கோசாம்பிப் பிக்குகளின் கலகம் கூறப்படுகிறது. கழிப்பிடத்துப் பாத்திரத்தில் ஒரு பிக்கு சிறிது நீரை மிச்சம் விட்டுவிட்டார். அது குற்றமென்றார் விநயம் வல்ல இன்னொருவர். அறியாமல் செய்தது குற்றமாகாது என்றனர் முன்னவரின் சீடர். அந்தச் சிறு நீரில் சங்கம் இரண்டாகப் பிளந்தது. சமாதானம் கூறிய பகவானிடமே, "தாங்கள் அமைதியாக இருங்கள், இக்கலகத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்னும் கருத்துப்பட மறுமொழி கூறினர். பகவான் அவர்களை விட்டுப் பாரிலேயகக் காட்டுக்குச் சென்று, ஒரு யானையைத் துணையாகக் கொண்டு தங்கினார்.

கலகத்தைத் தீர்த்தவர் யார்? அரசனல்லன், சேனையுமன்று, வாதத்தில் வென்ற பிக்குவுமல்லர். கோசாம்பி நகரத்து இல்லறத்தார் கூடினர். "இவர்களால் நாம் பகவானை இழந்தோம். இவர்களை வணங்கவும் மாட்டோம், பிச்சையிடவும் மாட்டோம்" என்று துணிந்தனர். அவர்கள் கல்லெறியவுமில்லை, எதிர்க்கட்சி சேரவுமில்லை. கையை மடக்கிக்கொண்டனர், அவ்வளவே. வெறும் பாத்திரத்துடன் திரும்பிய பிக்குகள் சாவத்திக்குச் சென்று பகவானைக் கண்டு, வழக்கைத் தீர்த்துக்கொண்டனர். பொதுவொழுக்கம் என்று நாம் வழங்கும் சொல்லுக்கு இதனினும் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. மதத்தைப் பின்பற்றுவோர் தம் மதத்தலைவரையே நோக்கி, "இதற்கு எம் பிச்சை இல்லை" என்று சொல்லும் துணிவு அது. அயலான் மதத்தலைவரை நோக்கிச் சொல்வதற்குத் துணிவு வேண்டா; அது எல்லாரிடமும் உண்டு.

பிக்குகளைத் திருத்திய இல்லறத்தாரைப் போல அரசனும் தன்னளவில் செய்யலாம் என்பதற்கு அசோகன் சான்று. தன் சமயத்தை மிகப் புகழ்ந்து பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே தீங்கிழைக்கிறான் என்னும் கருத்தை 12-ஆம் பாறைச் சாசனத்தில் பொறித்தான். நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள அருவிப்புறத்தில் 1888-இல் சிவப்பிரதிஷ்டை செய்த நாராயண குரு, ஜாதிபேதமும் மதத்துவேஷமுமின்றி யாவரும் உடன்பிறப்பாய் வாழும் மாதிரி இடம் அது என்று அங்கே எழுதச் செய்தார். அவரும் ஒன்றை நாட்டினார் அல்லவா என்று கேட்பீர்கள். நாட்டினார், ஆனால் எவரையும் வெளியேற்ற நாட்டவில்லை, வெளியேற்றப்பட்டவர் உள்ளே வர நாட்டினார்.

போனக்காட்டில் நான் கவனித்த வேறொன்றும் உண்டு. 2018 நவம்பர் 30-இல், அகத்தியர் மலைக்குப் பெண்கள் செல்வதைத் தடுத்தலாகாது என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 14-ஆம் நாள் யாத்திரை தொடங்கியபோது ஒரு பெண்மணியும் சென்றார். அம்மலையைத் தம் முன்னோர் தெய்வத்தின் இடமாகப் போற்றும் காணி மக்களுக்கு இது உவப்பாக இல்லை. அவர்கள் போனக்காட்டில் கூடித் தம் வருத்தத்தை வெளியிட்டனர், வழியை மறிக்கவில்லை. அவர்களுடைய கருத்தை நான் ஏற்கவில்லை. பெண்கள் செல்லவே வேண்டும். ஆயினும் மலையில் நமக்கெல்லாம் முன்னே குடியிருந்தவர்கள், கல்வியும் கட்சியும் இல்லாதவர்கள், சட்டத்துக்கும் தம் மனத்துக்கும் இடையே நடந்துகொண்ட விதம், ஓராண்டுக்கு முன் அதே சாலையில் நிகழ்ந்ததைவிட உயர்ந்ததன்றோ?

லயங்களைப் பற்றியும் ஒரு சொல். தோட்டம் நலிந்து, ஆலை ஓட்டம் நின்று, கூலியும் பணிக்கொடையும் நிலுவையாகி, கூரை சிதைந்த வீடுகளில் தொழிலாளர் காலங்கழித்தது இதே போனக்காட்டில்தான். சிலுவைக்காகக் கூடியவர்களும் சிலுவைக்கு எதிராகக் கூடியவர்களும் அந்த லயங்களின் வழியாகவே மலையைப் பார்த்தனர். தொழிற்சங்கத்தார் சிலர் முயன்றனர். ஆனால் அக்கூலிக்காக எந்த மதத்தின் பெருந்திரளும் விதுரைச் சாலையில் நடந்ததாக நான் கேட்டதில்லை.

ஆகையால் தீர்மானம் சபையில் வாசிக்கப்படும்போது நான் அதற்கு எதிராகவே கை தூக்குவேன். யாத்திரையை மறுக்கவில்லை. ஆண்டுதோறும் வன இலாகா அநுமதிச் சீட்டு வழங்கும் காலத்தில், அவர்கள் வகுத்த விதிப்படி, விரும்புவோர் சென்று உச்சியில் திரிசரணம் கூறி வரட்டும். திருவுருவமும் கொடியும் வேண்டா. அதற்கெனத் திரட்டும் தொகையை லயத்துப் பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கு அனுப்பலாம் என்றொரு திருத்தத்தையும் முன்வைக்கிறேன். வாக்கெடுப்புக்கு முன் உறுப்பினர்கள் மகாவக்கத்தின் 10-ஆம் பகுதியைப் படித்துவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.