தடைக்காலமும் மாத்திரையும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அப்பாவுக்கு ஒரு மாதமாக இருமல், பீடிதான் காரணம் என்று எல்லாரும் சொல்வதாக எழுதியிருந்தாய். இராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் புகையைச் சொல்வார்கள். பாம்பனில் ஈரக்காற்றைச் சொல்வார்கள். இப்படிச் சொல்லியே நாள் கடந்துவிடுகிறது. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் காசநோயா என்று சளியைச் சோதித்தே ஆகவேண்டும். சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாதே.

அரசு ஆஸ்பத்திரியில் மூடி போட்ட டப்பா தருவார்கள். பலர் அதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வந்துவிடக்கூடும். காலையில் வாய் கொப்பளித்து, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமாக நின்று, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கச் சொல். நீ தள்ளி நில். ட்ரூநாட் சோதனை சில மணி நேரத்தில் கிருமியைக் காட்டும். ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லும்.

தாம்பரம் காசநோய் சானடோரியத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிடுவார்களோ என்று பாட்டி அழுகிறாராம். அவரிடம் இதைச் சொல். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் ஏழை நோயாளிகள் சிலரைச் சானடோரியத்திலும் சிலரை வீட்டிலும் வைத்து, ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவுதான். ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு பல நாடுகளின் வைத்தியத்தையே மாற்றியது. நம் ஊர்க் குடிசைவாசிகள் உலகத்துக்குக் கொடுத்த கொடை அது.

நோய் உறுதியானால் வழக்கமாக ஆறு மாத மருந்து, இலவசம். சிறுநீர் சிவந்தால் பயம் வேண்டாம், மருந்தின் நிறம். கண் மஞ்சளானால் உடனே டாக்டரிடம் போங்கள்.

எனக்குக் கவலை ஜூன் மாதம்தான். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது அப்பா மாத்திரையை ஆரம்பித்தால், ஜூன் 14-இல் அது முடியும்போது இரண்டு மாதம் ஆகியிருக்கும். இருமல் நின்று, பசி திரும்பி, படகு கூப்பிடும். நல்லாயிட்டேன் என்று மாத்திரையைக் கரையில் விட்டுப் போவார். மிஞ்சிய கிருமி அப்போதுதான் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். சோற்று வாளியோடு மாத்திரை அட்டையையும் நீயே படகில் ஏற்று.

சத்துணவுக்கு மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் வரும். பாஸ்புக்கை எடுத்துப் போ. உங்களுக்கும் தொற்றியிருக்கிறதா என்று பாட்டி, தங்கை, நீ மூவரும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாமா