கடலோவியர் மொரெல் பாசியோ

கடலை ஓவியமாகத் தீட்டுதல் அரிய கலையாகும். மலை நிற்கும், மரமும் நிற்கும், அலையோ ஒருகணமும் நில்லாது. கடற்போரை எழுதப் புகுவார்க்கு இடர் இன்னும் மிகும். காற்று எத்திசையினின்று வீசுகின்றது, அதற்கேற்ப எப்பாய் விரிதல் வேண்டும், எக்கயிறு தளர்தல் வேண்டும் என்பவற்றை அறியாது எழுதின், கரையிலுள்ளார் புகழினும் மாலுமி நகைப்பான். இக்கலையில் வல்லாரைப் பிரான்சு நாட்டு அரசு ‘கடற்படை ஓவியர்’ என்னும் பட்டம் அளித்துப் போற்றி வருகின்றது. அப்பட்டம் பெற்றவருள் ஒருவர் லேயோன் மொரெல் பாசியோ. பெருங்கலைஞர் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அல்லர் இவர். ஆயினும் இவர்தம் வாழ்வு அறியத்தக்கது.

இவர் 1810 ஆம் ஆண்டு, சேன் ஆற்றங்கரையிலுள்ள ரூவான் நகரிற் பிறந்தார். 1830 இல் பிரெஞ்சுக் கடற்படை ஆப்பிரிக்காவின் வடகரையிலுள்ள அல்சீர் நகரைத் தாக்கிய நிகழ்ச்சியை இவர் ஓவியமாக்கினார். தம் நாட்டவர் பிறர் நகருள் புகுந்ததை வெற்றியென்றே அவர் தூரிகை எழுதிற்று.

செயின்ட் எலினாத் தீவில் 1821 இல் மறைந்த நெப்போலியனின் உடலைத் தாயகம் கொணர 1840 இல் ‘பெல் பூல்’ என்னும் பாய்மரப் போர்க்கப்பல் சென்றது. டிசம்பர் 8 ஆம் நாள் செர்பூர்த் துறையில் அப்பேழை, ‘நார்மண்டி’ என்னும் நீராவிக் கப்பலுக்கு மாற்றப்பட்டது. அக்காட்சியை மொரெல் பாசியோ தீட்டிய ஓவியம் வெர்சேல் அரண்மனைக்கு உரியது. பாய்மரத்தின் காலம் கழிந்து நீராவியின் காலம் புகுவதையும் அவ்வோவியத்திற் காணலாம். பின்னர் அப்பேழை சேன் ஆற்றின் வழியே ரூவான் நகரைக் கடந்து பாரிசு சென்றது.

பாரிசிலுள்ள இலூவர் அரண்மனையில் கடற்படை அருங்காட்சியகம் ஒன்று இருந்தது. கப்பற்கலை பயிலும் மாணவர் கண்டு கற்றற்பொருட்டு, துயாமேல் து மொன்சோ என்னும் அறிஞர் தாம் தொகுத்த கப்பல் உருப்படிவங்களை 1748 இல் மன்னர்க்கு அளித்தார். அவையே அதன் வித்து. முழக்கோலால் அளக்கத்தக்க சிறுமையவாயினும், பாய்மரம், பீரங்கி, கயிறு யாவும் விகிதம் பிறழாது அமைந்தவை அவை. 1785 இல் உலகங் காணப் புறப்பட்டு மீளாத லாப்பெரூசின் கப்பல்கள், வானிகோரோத் தீவருகே உடைந்தமை நாற்பது ஆண்டுகட்குப் பின்னரே தெரிந்தது. அங்குக் கிடைத்த எச்சங்களும் அவ்வருங்காட்சியகத்தை அடைந்தன. இவை அனைத்திற்கும் காப்பாளராய் மொரெல் பாசியோ அமர்ந்தார். நகரின் இருபதாம் வட்டத்து மேயராகவும் அவர் பணியாற்றியதுண்டு.

1870 இல் பிரான்சிற்கும் பிரசியாவிற்கும் போர் மூண்டது. பேரரசர் சிறைப்பட்டார். பகைவர் பாரிசை முற்றுகையிட்டனர். நான்கு திங்களுக்கு மேலாக மக்கள் குதிரையையும் எலியையும் உண்டு உயிர் தாங்கினர். முடிவில் நகர் பணிந்தது. 1871 மார்ச்சு முதல் நாள் செருமானியப் படை நகரின் ஒரு பகுதியுள் நுழைந்தது. வென்ற வீரர் இலூவரைக் காண உடன்பாட்டில் இசைவு இருந்தது. மறுநாள், பகைவர் அம்மாளிகையுட் புகக் கண்ட காப்பாளர் அதிர்ச்சியால் வீழ்ந்து உயிர் துறந்தார் என்பர். அகவை அறுபத்தொன்று. அவர் காத்த கப்பல்களின் பீரங்கிகள் வெடிக்கத்தக்கன அல்லவே! அல்சீர் நகரத்தார் நாற்பதாண்டுகட்கு முன் உற்ற துயர் இத்தகையதென அவர் அந்நாளில் எண்ணினாரோ, யார் அறிவார்?

அவர்க்குப்பின், நகரின் பெயரையே தம் பெயராகவும் கொண்ட எட்மோன் பாரிசு என்னும் கடற்படைத் தலைவர் காப்பாளரானார். இளமையில் உலகைச் சுற்றிவந்த காலத்து, நம் சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தை அளந்து, வரைந்து, நூலில் ஏற்றியவர் அவர். இலூவரை விட்டு நீங்கிய அக்கப்பல் உருப்படிவங்கள் 1943 முதல் அந்நகரின் சையோ அரண்மனையில் வைக்கப்பெற்றன.