கழுத்துக் கயிறும் கழுகுப் பதக்கமும்

மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் பாதி வரைக்கும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் விளையாட்டு மைதானங்கள் முகூர்த்த நாள் மண்டபம் மாதிரி நிரம்பி வழியும். நீள அங்கியும் சதுரத் தொப்பியுமாகப் பிள்ளைகள், பூங்கொத்தோடு தாத்தா பாட்டிகள், வெயில் தாங்காமல் விசிறியாகிவிட்ட நிகழ்ச்சி நிரல்கள். மாணவர்களின் கழுத்தைக் கவனித்தால் நாலு வருடக் கதையும் அங்கே தொங்கும். மதிப்பெண்ணுக்கு ஒரு குஞ்சக் கயிறு, இசைக்குழுவுக்கு ஒன்று, விவாத அணிக்கு ஒன்று. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் முறுக்கிய கயிறு ஒன்று மட்டும் சில பள்ளிகளில் கண்ணில் படும், சில பள்ளிகளில் வாசலிலேயே கழற்றப்படும். அது ஈகிள் ஸ்கவுட் கயிறு.

கழற்றச் சொன்ன மறுநிமிடம் நியூஜெர்சியில் ஓர் அம்மாவின் கைபேசி அடிக்கும். அங்குள்ள சாரணர் குழு ஒன்றில் பிள்ளைகளின் படிநிலை ஏடுகளைப் பல வருடங்களாகப் பார்த்துவருபவர் அவர். மகன் ஈகிள், மகள் கோல்டு அவார்டு. வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் 'ஸ்கவுட் அக்கா'.

"அக்கா, கயிறு போடக் கூடாதுங்கறாங்க. ஆறாங் கிளாஸ்லேருந்து கூடாரம் அடிச்சு, மழையில நனைஞ்சு வாங்கினது. யாரைப் பிடிச்சுப் பேசறது?"

"இன்னிக்கு யாரையும் பிடிக்க முடியாதும்மா. பிப்ரவரியில பேசியிருக்கணும்."

அவருடைய அனுபவத்தின் சாரம் இந்தப் பதிலில் இருக்கிறது. பட்டமளிப்பு மேடையில் நடப்பதெல்லாம் குளிர்காலத்திலேயே காகிதத்தில் முடிவாகிவிடுகிறது. பெற்றோர் விழிப்பதோ வெயில் வந்த பிறகு.

விருதுகளின் எடை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1910-இல் தொடங்கிய பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா, 2025 பிப்ரவரியிலிருந்து ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்ற பெயரில் இயங்குகிறது. அதன் ஏழு படிகளில் உச்சம் ஈகிள். 21 திறன் பதக்கங்கள், குழுவில் தலைமைப் பொறுப்பு, தானே திட்டமிட்டு மற்றவர்களை வழிநடத்தி முடிக்கும் ஒரு பொதுச் சேவைத் திட்டம் ஆகிய இத்தனையையும் 18-ஆம் பிறந்த நாளுக்குள் முடிக்க வேண்டும். 1912-இல் நியூயார்க் மாநிலத்து ஆர்தர் எல்ட்ரெட் இதை முதலில் பெற்றார். பிற்காலத்தில் நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும், அதிபரான ஜெரால்டு ஃபோர்டும் ஈகிள்களே. 2019-இல் பெண்களுக்கும் கதவு திறந்தது, அவர்களில் முதல் அணி 2021-இல் ஈகிள் ஆனது. கேர்ள் ஸ்கவுட்ஸ் தனி அமைப்பு. 1912-இல் ஜார்ஜியாவின் சவானா நகரில் ஜூலியட் கார்டன் லோ தொடங்கியது. அதன் உச்ச விருதான கோல்டு அவார்டுக்குக் குறைந்தது 80 மணி நேர உழைப்பை எதிர்பார்க்கிறார்கள். பிரச்சினையின் வேரைத் தொட வேண்டும், மாணவி கல்லூரிக்குப் போன பிறகும் வேலை தொடர வழி செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஈகிளுக்கு இருக்கும் பெயர் இதற்கு இல்லை என்பது அந்த அம்மாவுக்கு நெடுநாள் மனக்குறை. இரண்டையும் வீட்டில் பார்த்தவர் என்பதால் அவர் குறையில் நியாயம் உண்டு.

இவ்வளவு பெரிய விருதைப் பள்ளி ஏன் மேடையில் ஏற்கத் தயங்குகிறது? வன்மம் ஒன்றுமில்லை. சாரணர் இயக்கம் பள்ளிக்கு வெளியே இயங்குவது. அதற்கு இடம் கொடுத்தால் கராத்தே கருப்புப் பட்டைக்கும், தேவாலய இளைஞர் அணிக்கும், பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும் இடம் கேட்பார்கள். எது தகுதி, எது தகுதியில்லை என்று தரம் பிரிக்கும் வேலை எந்தத் தலைமையாசிரியருக்கும் வேண்டாத தலைவலி. ஆகவே பல பள்ளிகள் 'நாங்கள் கொடுத்த கயிறு மட்டும்' என்று ஒரே கோடாகப் போட்டுவிடுகின்றன. வேறு சில பள்ளிகள் முன்கூட்டி விண்ணப்பித்தால் வெளி அமைப்புகளின் கயிற்றையும் ஏற்கின்றன. ஒரே ஊரில் இரண்டு பள்ளிகளுக்கு இரண்டு விதி இருப்பதும் சகஜம்.

இங்கேதான் சில அப்பாக்கள் சட்டப் புத்தகத்தைத் தூக்குவார்கள். 2002 ஜனவரியில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்துக்குள் பாய் ஸ்கவுட்ஸ் சம அணுகல் சட்டம் என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது, வெளி அமைப்புகளுக்குக் கூட்டம் நடத்த இடம் தரும் பள்ளி சாரணர்களுக்கு மட்டும் கதவைச் சாத்தக் கூடாது என்பதைப் பற்றியது. கழுத்துக் கயிற்றைப் பற்றி அதில் பேச்சில்லை. மாநிலச் சட்டங்கள் மேடை உடையில் தலையிட்டிருப்பதும் உண்டு. பூர்வகுடி மாணவர்கள் கழுகு இறகு போன்ற மரபு அடையாளங்களை அணியும் உரிமையை 2017-இல் மொன்டானாவும் 2018-இல் கலிபோர்னியாவும் சட்டமாக்கின. தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட பண்பாட்டுக்கான உரிமை அது. சாரணர் கயிற்றை அந்தத் தராசில் வைத்து வாதாடுவது பொருந்தாது, வைத்தவர்கள் முகம் சிவந்து திரும்பியதைத்தான் ஸ்கவுட் அக்கா பார்த்திருக்கிறார்.

அவர் சொல்லித்தரும் வழி வேறு. இறுதியாண்டின் தொடக்கத்திலேயே மாணவர் கையேட்டில் பட்டமளிப்பு உடை பற்றிய பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும். புரியாவிட்டால் தலைமையாசிரியருக்கு நேராக எழுதாமல், இறுதியாண்டு நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் ஆசிரியரையோ அலுவலகச் செயலரையோ கேட்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் யார் பெயர் எந்த வரியில் வரும் என்று கணினியில் அடிப்பவர் அவராகத்தான் இருப்பார். கேட்பது பிள்ளையாக இருக்கட்டும் என்பதில் அந்த அம்மா கறார். "பாலம் கட்ட ஊராட்சிக்காரங்ககிட்ட அனுமதி வாங்கின பையனுக்கு, ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு மெயில் போடத் தெரியாதா?"

கேள்வியையும் மாற்றச் சொல்கிறார். 'என் கயிற்றை அணியலாமா' என்று கேட்டால் ஆம், இல்லை என்று இரண்டே பதில். 'பள்ளிக்கு வெளியே பெற்ற தேசிய அளவிலான விருதுகளை எங்காவது குறிப்பிடுவதுண்டா' என்று கேட்டால் பல கதவுகள் தெரியவரும். பெரிய பள்ளியில் 600 பேர் மேடையேறுவார்கள். ஆளுக்கு ஆறு நொடி என்றாலே பெயர் வாசிக்க ஒரு மணி நேரம். அங்கே விருதுகளை விவரிக்க நேரம் கிடையாது. அதற்கு முன்னால் ஒரு மாலையில் இறுதியாண்டு மாணவர்களுக்கான பரிசளிப்பு இரவு பல பள்ளிகளில் நடக்கும். உதவித்தொகைகள், நினைவுப் பரிசுகள் எல்லாம் அன்றுதான். கேட்டால் பள்ளி சம்மதிப்பதும், சாரணர் குழுத் தலைவர் வந்து மேடையிலேயே சான்றிதழ் கொடுப்பதும் அங்கே நடக்கக்கூடியவை. கயிறு மறுக்கப்பட்ட பிள்ளைக்கு இதில் கிடைக்கும் கைத்தட்டல்தான் அதிகம். மைதானத்தில் கயிற்றின் நிறத்தை அடையாளம் காண்பவர் எத்தனை பேர்?

தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான இன்னோர் அங்கீகாரத்தோடு ஒப்பிட்டால் பள்ளியின் கணக்கு விளங்கும். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்து, தேர்வெழுதி, இருமொழி முத்திரை பெறும் பிள்ளைகள் இப்போது பல மாநிலங்களில் உண்டு. கலிபோர்னியா 2011-இல் சட்டமியற்றித் தொடங்கிவைத்த திட்டம் அது. தமிழைப் பள்ளி கற்பிக்கவில்லை, ஆனாலும் முத்திரை சான்றிதழில் ஏறுகிறது. காரணம், அதை வழங்குவது மாநிலக் கல்வி அமைப்பு. சாரணர் விருதுக்கு அந்த அரசு முத்திரை இல்லை, பள்ளியின் நல்லெண்ணம் மட்டுமே உண்டு. நல்லெண்ணத்தை வக்கீல் நோட்டீசால் வாங்க முடியாது.

அடுத்த சங்கதி, என்ன எழுதிக் கொடுப்பது என்பது. நிகழ்ச்சி நிரலிலோ பரிசளிப்பு இரவிலோ ஒரு வரி கிடைக்கிறது என்று வையுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் 'ஈகிள் ஸ்கவுட் விருது பெற்றவர்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கேட்பவருக்கு அது இன்னொரு பட்டம், அவ்வளவே. 'நகர நூலகத்தின் பின்வாசலுக்குச் சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை அமைத்த ஈகிள் ஸ்கவுட்' என்று வாசிக்கப்படும்போது அரங்கில் பாதிப் பேருக்கு அந்தப் பாதை தெரியும், தினமும் அதில் தள்ளுவண்டி தள்ளியிருப்பார்கள். கோல்டு அவார்டு பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் செய்தது பலநேரம் கண்ணுக்குத் தெரியாத வேலை, ஒரு பாடத்திட்டமாகவோ பயிற்சி வகுப்பாகவோ இருக்கும். யாருக்காக, என்ன மாறியது என்ற இரண்டும் அந்த ஒற்றை வரியில் வந்துவிட வேண்டும்.

நம்மூரில் படித்த பெற்றோருக்கு இங்கே ஒரு குழப்பம் வருவது இயல்பு. திரிதிய சோபான், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது என்று ஏறிய நினைவும், 'சர்டிபிகேட்டைப் பத்திரமா வை, சீட்டுக்கு உதவும்' என்ற வாத்தியார் குரலும் மனதில் இருக்கும். அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பமோ பட்டமளிப்புக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே போய்விடுகிறது. ஜூனில் கழுத்தில் என்ன தொங்கியது என்று எந்தச் சேர்க்கை அலுவலரும் பார்க்கப்போவதில்லை. காமன் ஆப் எனப்படும் பொது விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள், விருதுகளுக்குத் தனியாக ஐந்து இடம். சேர்க்கையைப் பொறுத்தவரை அங்கீகாரம் அந்த 150 எழுத்துக்குள்தான். அதே விவரத்தைப் பள்ளியின் ஆலோசகருக்கும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் பரிந்துரைக் கடிதத்தில் வர வாய்ப்புண்டு. ராணுவத்தில் சேருபவர்களுக்கு மட்டும் பலன் உடனே தெரியும். ஈகிளோ கோல்டு அவார்டோ இருந்தால் ஆரம்ப நிலையைத் தாண்டி மேல் படியில் சேர்த்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

தேதிகள்தான் எல்லோரையும் கவிழ்ப்பவை. 18 வயது முடிய ஒரு வாரம் இருக்கையில் கடைசிப் பதக்கத்தை முடிப்பவர்களை சாரணர் வட்டாரத்தில் 'டெத்பெட் ஈகிள்' என்று கேலி செய்வார்கள். விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் வேலை முடிந்தபின் மதிப்பீட்டுக் குழுவின் நேர்காணல், பிறகு தேசிய அலுவலகத்தின் சரிபார்ப்பு என்று வாரங்கள் ஓடும். சரிபார்ப்பு வரும்வரை பதக்கம் கைக்கு வராது. ஏப்ரலில் பிறந்தநாள் வரும் பையன் மார்ச் கடைசியில் முடித்தால், பள்ளியின் விருதுப் படிவத்துக்கான கடைசி நாள் அதற்குள் போயிருக்கும். 'பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் திட்டத்தை முடித்துவிடு' என்று அந்த அம்மா எட்டாம் வகுப்பிலேயே சொல்ல ஆரம்பிக்கிறார். கேட்கிறவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

எப்போதும் விடுபட்டுப்போகும் ஒரு கூட்டமும் உண்டு. கடல் சாரணர்களின் குவார்ட்டர்மாஸ்டர், வெஞ்சரிங் பிரிவின் சம்மிட் ஆகியவையும் உச்ச விருதுகளே. பள்ளி அலுவலகம் கேள்விப்பட்டிருக்காது, படிவத்தோடு அரைப் பக்க விளக்கம் இணைக்க வேண்டும். ஈகிளுக்கு ஒரு படி கீழே லைஃப் நிலையில் நின்றுவிட்ட பிள்ளைகளுக்குக் கயிறும் கிடையாது, வரியும் கிடையாது. வீட்டில் உடம்பு சரியில்லாத அப்பா, மாலைநேர வேலை என்று அதற்குப் பின்னால் காரணங்கள் இருக்கும். நியூஜெர்சிக் குழு இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. மே மாதக் கூட்டத்தில் பள்ளி முடிக்கும் அத்தனை பேரையும், எந்தப் படியில் இருந்தாலும், முன்னால் நிற்கவைத்து அவர்கள் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு விஷயத்தை அந்தச் சிறுவர்களையே சொல்லவைக்கிறார்கள். ஒருவன் முடிச்சுப் போடக் கற்றுத்தந்ததைச் சொல்வான், இன்னொருவன் இருட்டில் அழுதபோது கூட உட்கார்ந்திருந்ததைச் சொல்வான்.

பள்ளி ஒன்றுமே தரவில்லை என்றாலும் ஈகிளுக்கென்று தனி விழா உண்டு. கோர்ட் ஆஃப் ஹானர் என்பார்கள். பதக்கம் குத்தியபின் அந்தப் பிள்ளை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சிறு ஊசிப்பதக்கம் குத்துவான், வழிகாட்டியாக இருந்த ஒருவருக்கும் ஒன்று. அந்த மூன்றாவது ஊசியைப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குக் குத்தும் பிள்ளைகள் உண்டு. கணித ஆசிரியரோ, தச்சு வகுப்பு ஆசிரியரோ திறன் பதக்கப் பதிவுகளான நீல அட்டைகளை வைத்த மேசையருகே முதல்முறையாக வந்து நின்று விவரம் கேட்பார். மறுவருடம் பள்ளியில் விருதுப் படிவம் வரும்போது 'வெளி அமைப்பு விருதுகள்' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்வதற்கு உள்ளே ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார். விழாவைக் கல்லூரிக்குப் புறப்படுமுன் ஆகஸ்டில் வைப்பது பலருக்கு வசதி. ஆசிரியர்களுக்கான அழைப்பை மட்டும் பள்ளி மூடுமுன் ஜூனிலேயே கையில் கொடுத்துவிட வேண்டும், விடுமுறையில் அவர்கள் பள்ளி மின்னஞ்சலைத் திறப்பதில்லை.