பாறை வெடிப்பு: பாதுகாப்புத் திட்டமிடலும் அறிவித்தல் விதிகளும்



தெல்தோட்டை, கலஹா, லூல்கந்துர ஆகிய பகுதிகளில் வாழும் உங்களுக்கு மண்சரிவு புதிய சொல்லன்று. மலையின் மேற்பரப்பில் ஏற்படும் அனர்த்தம் அது. இப்பாடத்தில் பூமிக்கு அடியில், ஆழ்சுரங்கங்களில் நிகழும் பாறை வெடிப்பைப் பற்றிக் கற்போம். இரண்டிற்கும் காரணங்கள் வேறு. ஆயினும் உயிர் காக்கும் வழி பெரும்பாலும் ஒன்றே.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,

• பாறை வெடிப்பு நிகழும் விதத்தை விளக்குவீர்கள்.
• பாதுகாப்புத் திட்டமிடலின் படிமுறைகளைக் கூறுவீர்கள்.
• ஆபத்தை அறிவிக்கும் விதிகளின் நோக்கத்தை எடுத்துக்காட்டுவீர்கள்.

1. பாறை வெடிப்பு என்றால் என்ன?

சுரங்கச் சுவரிலோ கூரையிலோ உள்ள பாறை, தன்மீது தாக்கும் பெரும் அமுக்கத்தைத் தாங்க இயலாது திடீரென உடைந்து வேகத்துடன் சிதறுவதே பாறை வெடிப்பு எனப்படும். பாறையை உடைப்பதற்காக மனிதர் வெடிமருந்து வைப்பது வேறு, இது வேறு. இங்கு வெளிப்படுவது பாறையினுள்ளேயே சேமிக்கப்பட்டிருந்த மீள்தன்மை அழுத்த சக்தியாகும்.

ஓர் எளிய கணிப்பைச் செய்து பாருங்கள். பாறையின் அடர்த்தி ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 2700 கிலோகிராம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொள்வோம். 3000 மீற்றர் ஆழத்தில், மேலுள்ள பாறையின் நிறையால் ஏற்படும் அமுக்கம்:

3000 × 2700 × 10 = 81,000,000 பஸ்கால்

இது வளிமண்டல அமுக்கத்தைப் போன்று ஏறத்தாழ 800 மடங்காகும். அந்த ஆழத்தில் சுரங்கம் தோண்டும்போது, அகற்றப்பட்ட பாறை தாங்கிய சுமை அருகிலுள்ள பாறைக்கு மாறுகிறது. மென்மையான பாறை மெதுவாக நசுங்கிக் கொடுக்கும். கடினமும் நொறுங்கும் தன்மையும் கொண்ட பாறை அவ்வாறு கொடுப்பதில்லை. தாங்கும் வரை தாங்கி, ஒரே கணத்தில் உடைகிறது.

2. கோலார் தங்கச் சுரங்கம்: ஓர் உதாரணம்

இந்தியாவின் கர்நாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்கவயலில் 1880 ஆம் ஆண்டு ஜோன் டெய்லர் அன் சன்ஸ் கம்பனி தங்கம் அகழத் தொடங்கியது. மலையகத் தோட்டங்களுக்கு எமது மூதாதையர் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பல தமிழ்க் குடும்பங்கள் கோலாருக்குச் சென்றன. சுரங்கத்தின் அடியில் இறங்கி உழைத்தோரில் பெரும்பாலானோர் அவர்களே.

அங்குள்ள சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தை அடைந்தது. ஆழம் கூடக்கூடப் பாறை வெடிப்புகளும் பெருகின. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவை அங்கு பதிவாகியுள்ளன. பல தொழிலாளர் உயிரிழந்தனர். பெரிய வெடிப்புகள் நிலத்தின் மேலே இருந்த வீடுகளையும் அதிரச் செய்தன. 2001 பெப்ரவரி 28 ஆம் திகதி இச்சுரங்கங்கள் மூடப்பட்டன.

3. பாதுகாப்புத் திட்டமிடல்

பாறை வெடிப்பு எந்நாளில், எந்நேரத்தில் நிகழும் என்று எவராலும் உறுதியாகக் கூற முடியாது. ஆகவே, வெடிப்பு நிகழும் எனக் கருதியே திட்டமிட வேண்டும். அதன் படிமுறைகளாவன:

(அ) அகழும் ஒழுங்கு: இரு பக்கமும் அகழ்ந்துவிட்டு நடுவில் சிறு தூணாகப் பாறையை விட்டால் சுமை முழுவதும் அத்தூணில் குவியும். அத்தகைய தூண்கள் உருவாகாதவாறு அகழ வேண்டும்.

(ஆ) வெற்றிடத்தை நிரப்புதல்: கோலாரில் அகழ்ந்த இடங்கள் கருங்கற் சுவர்களாலும் பின்னர் கொங்கிறீற்றாலும் தாங்கப்பட்டன.

(இ) தாங்கிகள்: இரும்பு ஆணிகளும் கம்பி வலைகளும் உடையும் பாறைத் துண்டுகளைத் தடுத்து நிறுத்தும்.

(ஈ) ஆட்களை விலக்குதல்: வெடிமருந்து வைத்த உடனேயே பாறை வெடிப்பு நிகழும் வாய்ப்பு அதிகம். எனவே ஷிப்ட் முடிந்து அனைவரும் வெளியேறிய பின்னரே வெடி வைக்கப்படும். அதிர்வு அடங்கும்வரை எவரும் உள்ளே செல்லலாகாது.

(உ) அவதானித்தல்: புவிநடுக்கப் பதிகருவிகளைப் பல இடங்களில் பொருத்தி, அதிர்வலை ஒவ்வொன்றையும் வந்தடையும் நேர வேறுபாட்டிலிருந்து வெடிப்பு நிகழ்ந்த இடத்தைக் கணிக்கலாம். கோலாரில் இத்தகைய பதிகருவி வலையமைப்பு நிறுவப்பட்டது. பாறை பொறியியலை ஆராயும் தேசிய நிறுவனமும் 1988 இல் அங்கேயே தொடங்கப்பட்டது.

4. அறிவித்தல் விதிகள்

கோலார் சுரங்கங்கள் இயங்கிய காலத்தில் இந்தியாவில் 1952 ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் அதன்கீழ் ஆக்கப்பட்ட 1961 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் நடைமுறையில் இருந்தன. உயிரிழப்பையோ கடுமையான காயத்தையோ விளைவித்த விபத்து பற்றி அவை விதித்தவற்றுட் சில:

• சுரங்க முகாமையாளர் உடனடியாகப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும்.
• 24 மணித்தியாலத்தினுள் உரிய படிவத்தில் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும்.
• அறிவித்தலின் பிரதியைத் தொழிற்சங்கத்தினர் பார்க்கக்கூடிய பலகையில் 14 நாட்களுக்குக் குறையாமல் ஒட்டி வைக்க வேண்டும்.
• உயிரிழப்பு ஏற்பட்டிருப்பின், அதிகாரிகள் இரு மாதங்களுக்குள் விசாரணை நடத்த வேண்டும்.

மூன்றாவது விதியைக் கவனியுங்கள். அறிக்கை அலுவலகக் கோப்பில் உறங்கிவிடாமல், அடுத்த நாள் அதே சுரங்கத்தில் இறங்கப்போகிறவரின் கண்ணில் படவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

சர்வதேச தொழில் அமைப்பு 1995 இல் நிறைவேற்றிய 176 ஆம் இலக்கச் சமவாயம் மேலும் ஒரு படி சென்றது. விபத்து நிகழுமுன்பே ஆபத்தை அறிவிக்கவும், உயிராபத்து உண்டெனக் கருத நியாயமான காரணம் இருக்கும்போது அவ்விடத்தை விட்டு விலகவும் தொழிலாளருக்கு உரிமை உண்டென அது கூறுகிறது. ஏனெனில், பாறையின் முதல் முறிவுச் சத்தத்தைக் கேட்பவர் அதிகாரியல்லர், தொழிலாளியே. அவர் வாய்திறக்க அஞ்சினால் எந்தத் திட்டமும் பயன்தராது.

5. இலங்கையில்

இலங்கையின் போகல, கஹட்டகஹ காரீயச் சுரங்கங்கள் சில நூறு மீற்றர் ஆழமானவை. கோலாரோடு ஒப்பிட ஆழம் குறைவு. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்கீழ் இயங்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் சுரங்க அனுமதிகளைக் கையாள்கிறது. நாட்டின் நில அதிர்வுகளைப் பதிவு செய்வதும் இப்பணியகமே. 2020 ஆகஸ்ட் முதல் கண்டி திகன பிரதேசத்தில் உணரப்பட்ட சிறு அதிர்வுகளையும் அது ஆராய்ந்தது.

அறிவித்தல் மட்டும் போதாது என்பதற்கு எமது மலையகமே சான்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தை தோட்ட லயன்கள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது. மக்கள் குடியேற மாற்றிடம் ஆயத்தமாகவில்லை.

உங்கள் லயனுக்கு மேலுள்ள சரிவில் புதிய வெடிப்பு, சாயும் மரம், கலங்கி வரும் ஊற்றுநீர் ஆகியவற்றைக் கண்டால் கிராம உத்தியோகத்தருக்கோ, 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திற்கோ உடனே அறிவியுங்கள். பெருமழை தொடர்ந்தால் பதிலுக்காகக் காத்திராது பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள்.

நினைவிற் கொள்க: அவதானி – அறிவி – விலகு – பதிவு செய் – திட்டத்தைத் திருத்து.

பயிற்சி வினாக்கள்

1. 2000 மீற்றர் ஆழத்தில் மேலுள்ள பாறையால் ஏற்படும் அமுக்கத்தைக் கணிக்க.
2. சிறு தூணாகப் பாறையை விட்டு அகழ்வது ஏன் ஆபத்தானது?
3. சுரங்கச் சுவரில் முறிவுச் சத்தம் கேட்கும் தொழிலாளி செய்யவேண்டிய இரண்டினை ஒழுங்குமுறையில் எழுதுக.

விடைக் குறிப்பு

1. 54,000,000 பஸ்கால்.
2. சுற்றியுள்ள சுமை தூணில் குவிந்து, அது திடீரென உடையக்கூடும்.
3. அருகிலுள்ளோரையும் அழைத்துக்கொண்டு விலகுதல், மேற்பார்வையாளருக்கு அறிவித்தல். இவ்வொழுங்கை மாற்றி எழுதாதீர்கள். விலகிய பின்னரே அறிவிக்க உயிர் இருக்கும்.