9000 பைட்டுக்கு மாறும் முன்

பாளையங்கோட்டைப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் வேலை. முகூர்த்த மாதங்களில் எடிட்டிங் கம்ப்யூட்டருக்கும் ஸ்டோரேஜுக்கும் இடையே பெரிய பெரிய ஃபைல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். "ஜம்போ ஃபிரேம் போட்டா பிச்சுக்கிட்டுப் போவுமாம்லா, அண்ணாச்சி?" என்று கேட்காத ஸ்டுடியோ குறைவு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்.

ஈதர்நெட் ஃபிரேம் ஒன்று வழக்கமாகச் சுமப்பது 1500 பைட். ஜம்போ என்றால் பெரும்பாலும் 9000. இந்த 9000 ஐஇஇஇ தரத்தில் கிடையாது. தயாரிப்பாளர்களிடையே வந்த பழக்கம். அதனால் சிப்புக்குச் சிப் எல்லை மாறும். லினக்ஸின் ஆர்8169 டிரைவர், பழைய ஆர்டிஎல்8168 சிப்கள் சிலவற்றை 4 கேபியிலும் சிலவற்றை 6 கேபியிலும் நிறுத்திவிடும். இன்னொன்று: 1500-ஐத் தாண்டினால் அதே டிரைவர் பல சிப்களில் செக்சம் (பிழை சரிபார்ப்பு எண்) போடும் வேலையை நெட்வொர்க் கார்டிடமிருந்து பிடுங்கி சிபியுவிடம் கொடுத்துவிடும். சிபியு சுமையைக் குறைக்கத்தானே ஜம்போ!

செய்து பார்ப்பதாக இருந்தால்:

1. லினக்ஸில் 'ஐபி லிங்க்' கட்டளையை விவரத்தோடு கேட்டால் 'மேக்ஸ்எம்டியு' தெரியும். அதுதான் டிரைவரின் உச்சவரம்பு.

2. விண்டோஸில் 9014 என்று காட்டினால் குழம்ப வேண்டாம். 14 பைட் ஹெடரையும் சேர்த்த கணக்கு அது. லினக்ஸின் 9000-மும் அதுவும் ஒன்றே.

3. நடுவில் இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். ஜம்போ தெரியாத சுவிட்ச் பெரிய ஃபிரேமைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். சாதா பிங் போகும், ஃபோல்டரும் திறக்கும். காப்பி மட்டும் 0 சதவீதத்திலேயே நிற்கும்.

4. 'பிரிக்காதே' என்று சொல்லி 8972 பைட் பிங் அனுப்புங்கள். ஐபி ஹெடர் 20, ஐசிஎம்பி 8 சேர்ந்தால் சரியாக 9000.

5. இன்டர்நெட் பக்கம் கை வைக்காதீர்கள். பிபிபிஓஇ இணைப்பில் 1492-தான் போகும். ஸ்டோரேஜுக்குத் தனி கார்டு, தனி கேபிள் நல்லது.

இவ்வளவும் சரியாக அமைந்தால் கிடைப்பது என்ன? டிசிபியில் கம்பியின் பயன்பாடு சுமார் 95 சதவீதத்திலிருந்து 99-க்கு ஏறும். அதற்கு மேல் இல்லை. 10 கிகாபிட் கார்டு வைத்திருந்தால் 9000 போடுங்கள், சிபியுவுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஒரு கிகாபிட் என்றால் 1500-லேயே இருங்கள். அந்த மெனக்கெடலுக்குப் பதில் நல்ல ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போடுங்கள்.