மெடிக்கலுக்குப் போகும்போது பாஸ்போர்ட் யார் கையில்?

சகோதரிகளே, சவுதிக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போகணும்னா முதலில் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். காம்கா மெடிக்கல் என்று நம்ம ஊரில் சொல்வார்களே, அதுதான். இப்போது வாஃபித் என்ற பெயரில் கம்ப்யூட்டர் வழியாகப் பதிவு நடக்கிறது.

இதற்கு ரேஷன் கார்டோ ஆதாரோ போதாது. ஒரிஜினல் பாஸ்போர்ட்தான் வேண்டும். ஏன்? உங்களுக்குப் பதிலா வேறொருத்தர் ரத்தம் கொடுத்துவிடக்கூடாது இல்லையா! முடிவும் பாஸ்போர்ட் நம்பரிலேயே பதிவாகிறது. அதனால் பதிவுச் சீட்டில் உள்ள பெயர், பிறந்த தேதி, நம்பர் மூன்றையும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு அப்பா பெயரோடு ஒன்று, வீட்டுக்காரர் பெயரோடு ஒன்று என்று இரண்டு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படியோ, சீட்டிலும் அப்படியே இருக்கணும். ஆங்கிலம் புரியலைன்னா குழுவில் படித்த பெண்ணிடம் காட்டுங்க, வெட்கப்பட வேண்டாம்.

விசாவுக்காக ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்க நேர்ந்தால், கையெழுத்துப் போட்ட ரசீது வாங்காமல் தராதீங்க. பணம் பாக்கி என்று சொல்லி அதைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை கிடையாது. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. ஜெராக்ஸ் இரண்டு எடுத்து வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்க.