பழைய பைக்கை மீண்டும் ஓட வைக்க: சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பங்காருபாளையம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு. மோட்டார் கொட்டகைக் கதவைத் திறந்ததும் உரச்சாக்குகளுக்குப் பின்னால் ஒரு ஜாவா நின்றிருந்தது. டாங்கின் மெரூன் நிறம் புழுதிக்குள் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு டயரும் சப்பை. ஒரு சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. "அப்பா போனதிலிருந்து யாரும் தொடலை சார், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் தோப்புக்காரர் மகன். விலை பேசினேன், டெம்போ பிடித்தேன், ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆர்.சி. புத்தகத்தை மட்டும் கேட்க மறந்தேன். அந்த ஒரு மறதிக்கு 14 மாதம் அலைந்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எந்த வண்டியை எடுப்பது?

பழைய வண்டி தேடுகிறவருக்குச் சித்தூர் இருக்கும் இடமே பாதி உதவி. கிழக்கே திருவொற்றியூர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, புல்லட்டை அங்கேதான் செய்தது. மேற்கே மைசூர். 1961 முதல் அங்கே ஐடியல் ஜாவா ஆலை முதலில் ஜாவாவையும் பிறகு யெஸ்டியையும் செய்து, 1996-இல் மூடியது. அதே பக்கம் ஓசூர், 1984-இல் இண்ட்-சுசுகி புறப்பட்ட இடம். இந்த மூன்று ஊர் வண்டிகளும் நம் பக்கத்து மாங்காய் வியாபாரிகள், வெல்லமண்டிக்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் வீடுகளில் வந்து சேர்ந்தன. பல இன்னும் கொட்டகைகளில் நிற்கின்றன.

முதல் வண்டிக்கு என் சிபாரிசு புல்லட் 350. இன்ஜின் எளிது, திறந்து பார்த்தால் எது எங்கே என்று புரியும், சாமான் எங்கும் கிடைக்கும். 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் நல்லதுதான், ஆனால் அதற்கு இப்போது சந்தையில் உள்ள கிராக்கியில் திருட்டு வண்டி, நம்பர் மாற்றிய வண்டி நிறைய நடமாடுகிறது. ஜாவா, யெஸ்டி கொஞ்சம் பொறுமை கேட்கும். ராஜ்தூத் 350-ஐ முதல் வண்டியாக எடுக்காதீர்கள். அழகான வண்டி, ஆனால் அசல் சாமான் கிடைப்பது கடினம். தப்பாகப் பூட்டினால் செலவு தாங்காது.

பணம் கொடுப்பதற்கு முன் காகிதம்

நம் பகுதியில் இது மற்ற இடங்களைவிடச் சிக்கல். 1953 அக்டோபர் 1 வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்தது. ஆகவே மிகப் பழைய வண்டிகளில் மெட்ராஸ் எண் இருக்கும். 1989-க்குப் பிறகு வந்தவை ஏ.பி. 03. 2019-இல் ஆந்திரா முழுவதற்கும் ஏ.பி. 39 வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. வேலூர், குடியாத்தம், கோலார் பக்கமிருந்து கைமாறி வந்த வண்டி என்றால் அந்த மாநிலத்துத் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, இல்லாமல் இங்கே பெயர் மாற்ற முடியாது.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் நீங்களே பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் துணியால் துடைத்துவிட்டு, எண் இருக்கும் இடத்தில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். எண் தாளில் எழும்பி வரும். ஒரே அளவில், ஒரே ஆழத்தில் வந்தால் நல்லது. ஓர் எழுத்து மட்டும் சாய்ந்து நின்றாலோ, எண்ணைச் சுற்றி அரம் போட்ட கோடுகள் தெரிந்தாலோ, எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உரிமையாளர் காலமாகிவிட்டிருந்தால் வாரிசு பெயருக்குப் படிவம் 31-இல் மாற்றிவிட்டு, அதன் பிறகு 29, 30 மூலம் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் மூன்றும் கையில் வந்தபிறகே முழுப்பணம் கொடுங்கள். என் ஜாவாவுக்கு இன்னொரு தடையும் இருந்தது. பழைய பதிவேட்டில் இருந்த வண்டி கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. "பேக்லாக் என்ட்ரி" போட்டால்தான் மேற்கொண்டு எதுவும் நகரும் என்றார்கள். நல்ல வேளையாகத் தோப்புக்காரர் வீட்டுப் பரணில், 1970-களின் வரி ரசீதுகளோடு சுருட்டி வைத்த ஆர்.சி. புத்தகம் கிடைத்தது. அது இல்லையென்றால் வண்டி இன்றைக்கும் காட்சிப் பொருள்தான்.

பதிவுக் காலம் 15 ஆண்டு. அதன்பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய பைக்குக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 1,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-இல் 2,000 ரூபாய் ஆக்கினார்கள். பசுமை வரி தனி.

50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. மாநில எழுத்தோடு வி.ஏ. என்று தொடங்கும் எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்தாண்டு செல்லும். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்தப் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்ட அனுமதி இல்லை. ஓட்டுவதற்காக வண்டி எடுப்பவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பிரிக்கும்போது

இறுகிப்போன இன்ஜினை உதைத்து உடைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, பத்து நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். எட்டாம் நாளே என் அவசரத்தில் கிக்கரில் காலை வைத்தேன். கூட இருந்த கிரீம்ஸ்பேட்டை மெக்கானிக் தடுத்தார்: "தொந்தரபடொத்து அன்னா!" அவசரப்படாதே என்று பொருள். பன்னிரண்டாம் நாள் சக்கரத்தோடு பிஸ்டன் ஒரு நூல் அளவு நகர்ந்தது. கையில் அதை உணர்ந்த நிமிடத்துக்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாவற்றுக்கும் ஒதுக்கிப்போட்ட இட்லித் தட்டு அருமையான ஏற்பாடு. குழிக்கு ஒரு பாகம். கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். ஒரு தட்டு கார்புரேட்டருக்கு, ஒன்று கிளட்சுக்கு. பூட்டும்போது மேலிருந்து கீழாக எடுத்துக்கொண்டே வந்தால் போதும்.

அசல் பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள், உடைந்திருந்தாலும். அச்சு எடுக்க, அளவு பார்க்க அது வேண்டும். கிடைக்காத சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். பழைய பாகத்தைக் கையில் எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். வாயால் சொல்லி வாங்கினால் பாதி திரும்பி வரும். பெங்களூரு ஜே.சி. ரோடும் இதே போல.

இன்ஜின்: லேத்துக்காரர்தான் முக்கியம்

சிலிண்டரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கீறலில் நகம் சிக்கினால் போரிங் போட வேண்டும். 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாகத்தான் பெரிதாக்க முடியும். ஒவ்வொரு போரிங்கும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கைத் தின்கிறது. ஆகவே சின்ன அளவில் முடியுமா என்று கேளுங்கள். இன்னொன்று: பிஸ்டனை முதலில் வாங்கி லேத்துக்காரர் கையில் கொடுத்து, அதை அளந்து போர் போடச் சொல்லுங்கள். போர் போட்டுவிட்டு அதற்குப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கிராங்க் ஆயில் சீல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் விறைத்துப்போயிருக்கும். கியர்பாக்ஸ் ஆயில் குறைந்துகொண்டே வந்து சைலன்சர் விடாமல் புகைந்தால் அந்த சீல்தான் காரணம்.

கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால் பழைய பெட்ரோல் வார்னிஷ் போல ஒட்டியிருக்கும். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். தின்னரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். டாங்க் துருவுக்கு வினிகரை நிரப்பி இரண்டு நாள், பிறகு உள்ளே பழைய செயின் துண்டைப் போட்டுக் குலுக்கி, சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, உடனே வெயிலில் காயவைத்து ஆயில் பூசுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 1960, 70-களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் குழாய், வாஷர், டேப் பேக்கிங் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டாங்கில் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள்.

கரண்ட்

புல்லட்டோ ஜாவாவோ, பழையவை பெரும்பாலும் 6 வோல்ட். விளக்கு மங்கல்தான். வயரிங்கை ஒட்டுப் போடாமல் முழுவதும் புதிதாகப் போடுங்கள். பிளாட்டினம் பாயிண்டை எமரி தாளில் லேசாகத் தேய்த்து, புல்லட்டில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வையுங்கள். கண்டன்சரைப் புதிதாகப் போடுங்கள்.

பெயின்ட் கடைசி

வண்டியை வாங்கியதுமே பெயின்டருக்கு அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. முதலில் ஓட வேண்டும். அடுத்து நிற்க வேண்டும்: பிரேக் லைனர், கேபிள், வீல் பேரிங், ஸ்போக்ஸ், டயர். இவை முடிந்து 200 கிலோமீட்டராவது ஓடிய பிறகு பெயின்டைப் பற்றி யோசியுங்கள்.

அப்போதும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அசல் பெயின்ட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? பாதிக்கு மேல் இருந்தால் கழுவி, பாலிஷ் போட்டு விட்டுவிடுங்கள். திருவொற்றியூரில் புல்லட் டாங்கின் தங்கக் கோட்டை ஆண்டாண்டாகக் கையாலேயே இழுத்தார்கள். தூரிகை தொடங்கிய இடத்தில் கோடு ஒரு மயிரிழை தடித்திருக்கும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் திரும்ப வராது. என் ஜாவா டாங்கின் இரு பக்கமும் தோப்புக்காரர் முழங்கால் பட்டுப் பட்டு நிறம் தேய்ந்திருக்கிறது. அப்படியே வைத்திருக்கிறேன். பெயின்ட் அடித்தே தீர வேண்டும் என்றால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் ஈரம் பிடித்துக் கொப்புளிக்கும்.

உதைத்துக் கிளப்புவது

பழைய புல்லட்டைப் பலத்தால் கிளப்ப முடியாது. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்மீட்டர் முள்ளைக் கவனியுங்கள். இடப்பக்கம் சாய்ந்த முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை கீழே தள்ளி, லீவரை விட்டுவிடுங்கள். கிக்கர் மேலே வந்ததும் முழுதாக ஒரே உதை. நடுவில் காலை எடுத்தால் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம் என்பதைக் காலியான மைதானத்தில் ஒரு வாரம் பழகாமல் ரோட்டுக்குப் போகாதீர்கள்.

ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே லீவர். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், கிளம்பியதும் மடக்கினால் கியர். பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். அவசரத்தில் பங்கில் வெறும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு போனால் பத்து கிலோமீட்டருக்குள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டூல் பாக்ஸில் அளவு போட்ட ஆயில் பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

எங்கே ஓட்டுவது?

முதல் ஓட்டம் சித்தூரிலிருந்து காணிப்பாக்கம். பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான், ஏற்றமில்லை, வழியில் நின்றாலும் ஆட்டோவில் ஏற்றி வந்துவிடலாம். பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது இன்ஜின் ஆறியிருக்கும். ஆறிய இன்ஜினில் ஆயில் எங்கே கசிகிறது என்று அங்கேயே குனிந்து பாருங்கள்.

அடுத்து பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி. ஏறக்குறைய 70 கிலோமீட்டர். போரிங் போட்ட இன்ஜினை முதல் 500 கிலோமீட்டர் வரை 50-க்கு மேல் விரட்டாதீர்கள். அகல நெடுஞ்சாலையில் லாரிகள் பின்னால் அழுத்தும், ஊர்களுக்குள் போகும் பழைய சாலையே நமக்குப் பொருத்தம். சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் சந்திரகிரிக் கோட்டையைத் தாண்டிவிடுங்கள்.

பலமநேர் போகும் வழியில் மொகிலி மலைப்பாதையில் ஏறும்போது வண்டி திணறும் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு ஆபத்து இறக்கத்தில்தான். திராட்டிலை முழுதாக மூடிக்கொண்டு கியரில் இறங்கினால் பெட்ரோல் போகாது. பெட்ரோலில் கலந்த ஆயிலும் போகாது. இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றும். அதனால் இறங்கும்போது அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு சின்ன திராட்டில் கொடுங்கள்.

திருமலை ஆசை எல்லோருக்கும் உண்டு. 1944-இல் திறந்த முதல் பாதை இறங்குவதற்கு, 1974-இன் இரண்டாம் பாதை ஏறுவதற்கு. இரு சக்கர வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, பழைய வண்டிகளைப் பற்றிய விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். அலிபிரி சோதனைச் சாவடியில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். டிரம் பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இரண்டாம் கியரில், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்குங்கள்.

வீடு திரும்பியதும் சாவியைத் திருப்பி அணைக்க வேண்டாம். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து இன்ஜின் தானாக அடங்கும்வரை நிற்கட்டும். கீழே ஓர் அட்டையை விரித்து வையுங்கள். மறுநாள் காலை ஆறிய வண்டியைச் சுற்றி ஸ்பேனரோடு உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாக இறுக்குங்கள். அட்டையில் எங்கே சொட்டு விழுந்திருக்கிறதோ அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.